5 பேர் தடுப்பு, 5 பேர் ஓட்டம்: எல்எஸ்யு 2019 சீசனோட கணக்கு

வணக்கம் மக்களே. இன்னைக்கு அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால். காலால உதைக்கிற ஃபுட்பால் இல்ல, பந்தைக் கையில வாங்கி ஓடுற, எறியுற ஆட்டம். அதுல 2019 சீசன், லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி, சுருக்கமா எல்எஸ்யு. 15 மேட்ச், 15லயும் ஜெயம். மொத்தம் 726 பாயிண்ட். குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறியுற ஆள், ஜோ பர்ரோ 60 டச்டவுன் பாஸ் (எதிரணி எல்லைக்குள்ள பந்தைச் சேர்த்து பாயிண்ட் எடுக்கிற பாஸ்) போட்டாரு. முந்தின வருஷம் இதே டீம்ல இதே ஆள் போட்டது 16தான். 16 எப்படி 60 ஆச்சு? பர்ரோவோட கை முக்கியம், ஒத்துக்கறேன். ஆனா கைக்கு முன்னாடி ஒரு கணக்கு இருக்கு.

களத்துல 11 பேர். முன்வரிசையில 5 பேர், அவங்க பாஸ் பிடிக்க முடியாது, தடுக்கிறது மட்டும்தான் வேலை. குவார்ட்டர்பேக் ஒருத்தர். மிச்சம் 5 பேர். இந்த 5 பேரை என்ன பண்றதுன்னுதான் கோச் முடிவு பண்ணணும். பயந்த கோச் ரெண்டு பேரைப் பின்னாடி நிறுத்திடுவாரு. 7 பேர் தடுப்பாங்க, 3 பேர் மட்டும் ஓடுவாங்க. குவார்ட்டர்பேக் பத்திரம். ஆனா எதிராளி 4 பேரைத் தாக்க அனுப்பிட்டு, மிச்ச 7 பேரை வச்சு அந்த 3 பேரைச் சுத்தி வளைச்சிடுவான். எறிய இடமே இருக்காது.

அந்த வருஷம் நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ்ங்கிற தொழில்முறை டீம்லேருந்து ஜோ பிரேடி பாசிங் கேம் கோ-ஆர்டினேட்டரா, அதாவது பாஸ் ஆட்டத்துக்கான கோச்சா வந்தாரு. அவரும் தாக்குதல் கோச் ஸ்டீவ் என்ஸ்மிங்கரும் சேர்ந்து போட்ட திட்டம்: தடுக்க 5 பேர் போதும், மத்த 5 பேரும் ஓடட்டும். எதிராளி 6 பேரை அனுப்பினா? ஒருத்தன் கண்டிப்பா தடுப்பாளர் இல்லாம நேரா வருவான். அவனைத் தடுக்க ஆள் கிடையாது, பர்ரோதான் சமாளிக்கணும். அவன் காலி பண்ணிட்டு வந்த இடம் எதுவோ அங்கதான் பந்து போகணும், அவன் கை படறதுக்கு முன்னாடி.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச நுணுக்கம் க்ளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர். ரன்னிங் பேக், அதாவது பந்தைக் கையில வாங்கி ஓடுறவர், ஆனா அந்த சீசன்ல 55 பாஸ் பிடிச்சிருக்காரு. முதல்ல பர்ரோ பக்கத்துல நிப்பாரு. பந்து எடுக்கறதுக்கு முன்னாடி ஓரத்துக்கு நகர்ந்து போவாரு. இப்ப எதிரணியைப் பாருங்க. ஒரு லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னாடி நிக்கிற காவல்காரர்) அவர் பின்னாடியே ஓரத்துக்குப் போனா, அது ஆளுக்கு ஆள் காவல். யாரும் பெருசா நகரலன்னா, பெரும்பாலும் இடத்துக்கு இடம் காவல். அதாவது ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பர்ரோவுக்குப் பாதி விடை தெரிஞ்சிடும். ஆளையே மாத்தாம இதைச் செய்யறதால, எதிரணிக்கும் ஆள் மாத்த அவகாசம் கிடைக்காது.

அடுத்தது ஆர்பிஓ. ஓட்டமா பாஸான்னு பந்து கையில வந்த அப்புறம் முடிவு பண்றது. குவார்ட்டர்பேக் ஒரே ஒரு லைன்பேக்கரை மட்டும் பார்ப்பாரு. அவன் முன்னாடி வந்தா அவன் தலைக்குப் பின்னாடி பாஸ், நின்னா பந்து ரன்னிங் பேக் கையில. இங்க தப்பு எங்க நடக்கும்னா, முன்வரிசை ஆளுங்க ஓட்டம்னு நினைச்சு முன்னேறிக்கிட்டே இருப்பாங்க. காலேஜ் விதிப்படி பாஸ் கிளம்பறதுக்குள்ள 3 யார்டுக்கு மேல போகக் கூடாது. அரை நொடி தாமதிச்சா 5 யார்டு பெனால்ட்டி. அந்த முன்வரிசைக்கு அந்த வருஷம் சிறந்த முன்வரிசைக்கான ஜோ மூர் விருது கிடைச்சது, நியாயமான விருது.

இந்தக் கணக்குக்கு முதல் சோதனை செப்டம்பர் 7, டெக்சாஸ் மண்ணுல. 37-31 முன்னிலை, ரெண்டரை நிமிஷம் சொச்சம் பாக்கி, பந்தை வச்சிருக்க கிடைக்கிற 4 முயற்சில மூணாவது, 17 யார்டு வேணும். எந்த டீமா இருந்தாலும் பந்தைக் கொடுத்து ஓட விட்டு நேரத்தைக் கரைக்கும். டெக்சாஸ் கூட்டமா பாய்ஞ்சு வந்தது. பர்ரோ பாக்கெட்டுக்குள்ளேயே (தடுப்பாளர்களுக்கு நடுவுல இருக்கிற இடம்) நகர்ந்து, ரிசீவர் (பாஸ் பிடிக்க ஓடுறவர்) ஜஸ்டின் ஜெபர்சனுக்கு எறிஞ்சாரு. 61 யார்டு, டச்டவுன். மேட்ச் 45-38.

சரி, இதை எப்படி உடைக்கிறது? ஆபர்ன் காட்டுச்சு. தாக்க 3 பேரை மட்டும் அனுப்பு, 8 பேரைப் பின்னாடி நிறுத்து. ஓடுற 5 பேருக்கு 8 காவல்காரங்க, கணக்கு தலைகீழ். எல்எஸ்யு அன்னைக்கு எடுத்தது 23 பாயிண்ட்தான், சீசன்லயே குறைச்சல். ஆனா 8 பேர் பின்னாடி போனா முன்னாடி ஆள் குறையும் இல்லையா? அதனால பந்து எட்வர்ட்ஸ்-ஹெலேர்கிட்ட போச்சு, 130 யார்டுக்கு மேல ஓடினாரு. 23-20. இந்த மேட்சை நிறைய பேர் சுமாரான ஆட்டம்னு தள்ளிடறாங்க. என்னைக் கேட்டா சாம்பியன்ஷிப் இங்கதான் உறுதியாச்சு.

நவம்பர் 9 அலபாமா, 46-41, 2011க்கு அப்புறம் அவங்களை ஜெயிச்சது அன்னைக்குத்தான். அடுத்த வாரம் ஓல் மிஸ் மேட்ச்ல டிஃபென்ஸ் ஓட்டை தெரிஞ்சது: 58-37னு ஜெயிச்சாலும், எதிரணி குவார்ட்டர்பேக் மட்டும் 212 யார்டு ஓடிட்டாரு. டிஃபென்ஸ் கோச் டேவ் அராண்டா அதைச் சரி பண்ணாரு, ரெண்டு வாரம் கழிச்சு டெக்சாஸ் ஏ அண்ட் எம்முக்குக் கிடைச்சது 7 பாயிண்ட். அப்புறம் ஜார்ஜியா 37-10, செமி ஃபைனல்ல ஓக்லஹோமா 63-28. அதுல முதல் பாதியிலேயே 7 டச்டவுன் பாஸ்.

ஃபைனல் 2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம், 29 மேட்சாத் தோற்காத க்ளெம்சன். யார் வருவான், யார் பின்வாங்குவான்னு மறைச்சு மறைச்சு ஆடினாங்க. எல்எஸ்யு ஆரம்பத்துல பன்ட் (பந்தை உதைச்சு எதிராளிகிட்ட கொடுக்கிறது) மேல பன்ட், 17-7 பின்தங்கல். ஆனா அப்படி ஆளை மறைச்சு நகர்த்தறதுக்கு விலை உண்டு: ஓரத்துல ரிசீவர் ஜமார் சேஸுக்கு எதிரே ஒரே ஒரு கார்னர்பேக் (ஓரக் காவல்காரர்). பர்ரோ அங்கேயே எறிஞ்சாரு, சேஸுக்கு 9 கேட்ச், 221 யார்டு. தொடர்ந்து 21 பாயிண்ட், பாதியில 28-17, முடிவுல 42-25.

இந்த ஃபைனலை ரீப்ளே போட்டுப் பார்க்கறவங்க, இடைவேளைக்கு முன்னாடி வர்ற 95 யார்டு டிரைவை (பந்தோட தொடர் முன்னேற்றம்) நிறுத்தி நிறுத்திப் பாருங்க. மூணாவது முயற்சி, 10 யார்டு வேணும். காவல் எல்லாம் ரிசீவர்களோட போயிடுச்சு. நடுவுல பாதை திறந்திருக்கு. பர்ரோ எறியல, 29 யார்டு தானே ஓடிட்டாரு.