தங்கவயலுக்குச் சென்ற நம் மக்கள்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

தங்க வேட்டையின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் கலிபோர்னியாவிலிருந்தே தொடங்குவார்கள். 1848 ஜனவரியில் ஒரு மர அறுவை ஆலையின் கால்வாயில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத் துணுக்குகளைக் கண்டதும், அடுத்த ஆண்டே பல நாடுகளிலிருந்தும் மக்கள் அங்கே குவிந்ததும் நாம் அறிந்தவையே. அந்த வேட்டைக்கு முன் ஏறத்தாழ ஒன்றரை லட்சமாக இருந்த அம்மண்ணின் பழங்குடி மக்கள், 1870 அளவில் முப்பதாயிரம் பேராகக் குறைந்துபோனதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

கலிபோர்னியாவில் முதலில் இறங்கியவன் ஆற்று மணலைத் தட்டில் அரித்துத் தனக்கென்று தங்கம் எடுத்தான். நமக்குப் பக்கத்தில் கர்நாடகத்திலுள்ள கோலார் தங்கவயலில் தங்கம் வெண்கற்பாறை நரம்புகளுக்குள் ஆழத்தில் கிடந்தது. இயந்திரமும் பெருமுதலும் இல்லாமல் அதை நெருங்குவது அரிது. ஆகவே அங்கே நடந்த வேட்டை லண்டன் பங்குச் சந்தையில் நடந்தது. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களோ கூலிக்காரர்கள். அந்தக் கூலிக்காரர்களில் பெரும்பகுதியினர் வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள். அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதில் அடக்கம். ஆகையால் தங்கவயலின் வரலாறு அண்டை மாநிலத்துச் செய்தி என்று ஒதுக்கத்தக்கதன்று, நம் ஊர்களின் வரலாறு என்பதே என் துணிபு. நிலமும் இதற்குச் சான்று கூறுகிறது: ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாறைப் பட்டையின் தென்கோடி நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மகராஜகடைப் பகுதியை எட்டுகிறது.

கம்பெனிகள் வருவதற்கு முன்பே இந்தத் தொழில் அங்கே இருந்தது. 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், தங்கவயல் பகுதியிலுள்ள மாரிக்குப்பத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் தங்கம் எடுத்ததை நேரில் பார்த்து எழுதிவைத்தார். குறுகிய குழிகளுக்குள் ஆங்காங்கே நின்ற ஆட்கள் கற்களைக் கூடையில் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். பெண்கள் அவற்றைப் பெரிய பாறையின்மீது இடித்துப் பொடியாக்கினார்கள். பிறகு அந்தப் பொடியை நீரில் அலசித் தங்கத்தைப் பிரித்தார்கள். அந்தக் குறிப்பைப் படித்துத்தான் அயர்லாந்துக்காரரான லாவெல் என்னும் முன்னாள் படைவீரர் 1870-களில் மைசூர் அரசிடம் உரிமம் கேட்டார். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் பொறுப்பேற்றனர். தலைமுறை தலைமுறையாகத் தொழில் அறிந்திருந்த அந்த மக்களின் பெயர் எந்தப் பங்குப் பத்திரத்திலும் ஏறவில்லை. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

நம் மக்கள் ஏன் சென்றார்கள்? 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் கிராமங்களைச் சூறையாடியிருந்தது. சொந்த நிலம் இல்லாதவர்களுக்கும், சேரியில் பிறந்ததனாலேயே பண்ணையடிமைபோல் உழன்றவர்களுக்கும், ரொக்கமாகக் கூலி தரும் இடம் ஒன்று இருக்கிறது என்ற செய்தியே போதுமானதாக இருந்தது. அங்கே வெள்ளையருக்குப் பங்களா, கூலிகளுக்குத் தட்டி வீடு. 1902-இல் காவிரி அருவியுள்ள சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அது சுரங்க இயந்திரங்களுக்காக வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறை தொட்டாலே சுடும். மேலிருக்கும் பாறைத் திணிவின் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும்போது உள்ளே இருந்தவர்கள் நசுங்கி மாண்டார்கள். உயிர் தப்பியவர்களிலும் பலர் நுரையீரலில் கல்தூசி படிந்து, மூச்சுக்குத் திணறித் திணறி இறந்தார்கள்.

அவர்கள் வாய்மூடிக் கிடந்தவர்கள் என்று எவரும் எண்ண வேண்டாம். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் ஆழ வேரூன்றியது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பின் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. 1930-இல், கூலிகள் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் ஆணையிட்டபோது, எங்களைக் குற்றவாளிகளாக்குவதா என்று கேட்டு, ஆயிரக்கணக்கானோர் மூன்று வார காலம் வேலைநிறுத்தம் செய்தார்கள். என் பார்வையில், அங்கே வெட்டப்பட்ட ஏறத்தாழ 800 டன் தங்கத்தைவிட அந்த மூன்று வாரங்கள் பெரியவை.

1956-இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. எஞ்சியிருப்பவை சயனைடு கலந்த மண்மேடுகளும், வேலை தேடி விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குச் செல்லும் பிள்ளைகளும்தாம்.

இந்த வரலாற்றில் கம்பெனிகளின் கணக்கேடுகள் பத்திரமாக இருக்கின்றன. நம் பக்கத்துச் சான்றுகள் நம் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. தாத்தாவின் வேலை அட்டை, பாட்டிக்கு வந்த கடிதம், தொழிலாளர் குடியிருந்த லைன் வீட்டு வாசலில் எடுத்த புகைப்படம் எவையேனும் உங்களிடம் இருந்தால், அவற்றைப் படியெடுத்து, எந்த ஊரிலிருந்து யார் எந்த ஆண்டில் சென்றார் என்ற குறிப்போடு இந்த மன்றத்துக்குத் தாருங்கள். பர்கூர், வேப்பனப்பள்ளி, ஊத்தங்கரைப் பகுதிகளில் முதியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு முதலில் செல்லலாம் என்பது என் கருத்து.