காபிக்கு எந்தத் தராசு? அம்மாவின் மூன்று ஸ்பூனை எடை போட்ட கதை

வணக்கம். மணி காலை ஆறு. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன், காக்கைச் சத்தமும் தெருச் சத்தமும் சேர்ந்துதான் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறை இது. மேடையில் மூன்று டிஜிட்டல் தராசு, பக்கத்தில் அம்மாவின் பித்தளை ஃபில்டர். வீட்டில் காபி போடத் தராசு வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இன்று மூன்றிலும் போட்டுப் பார்த்தே பேசிவிடலாம்.

எனக்குத் தராசு ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்கிறேன். போன வருடம் அம்மா கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாமா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தங்கினார். அதே ஃபில்டர், அதே பொடி, அதே பாண்லே பால். நான் போட்ட காபியை அப்பா இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரை நகர்த்தி வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் கசப்பு, மறுநாள் வெறும் பால் குடித்த மாதிரி. போனில் கேட்டால், "மூணு ஸ்பூன் போடுடா" என்றார் அம்மா. தலைதட்டியா, குவித்தா? "அது கைக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

அவர் திரும்பி வந்ததும் ஒரு வாரம் தினமும் ஒரு சின்னக் கிண்ணத்தைத் தராசில் வைத்து, "இதுல போட்டுட்டு அப்புறம் ஃபில்டர்ல கொட்டும்மா" என்று கேட்டுக்கொண்டேன். ஏழு நாளும் 27 கிராமுக்கும் 29 கிராமுக்கும் நடுவிலேயே நின்றது. நாற்பது வருடமாகக் காபி போட்ட கை அது, அசந்துபோனேன். அதே ஸ்பூனால் நான் போட்டது 22-லிருந்து 31 வரை ஆடியது. எங்கள் வீட்டுக் காபி 28 கிராம் பொடி, 170 கிராம் வெந்நீர். இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குத் தராசு வேண்டியிருந்தது. எத்தனை புள்ளி வரை காட்டுகிறது என்று பார்த்து நான் வாங்கவில்லை. உங்கள் வீட்டுக் காபி எவ்வளவு பொடியில் விழுகிறது என்று முதலில் பாருங்கள், தராசை அதற்குப் பிறகு தேடலாம்.

சரி, கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். இடது ஓரம் இருப்பது சாதாரணச் சமையலறைத் தராசு. பத்து கிலோ வரை தாங்கும், ஒவ்வொரு கிராமாகக் காட்டும், இரண்டு பென்சில் பேட்டரி. நடுவில் இருக்கும் சின்னது நகை எடை போடும் பாக்கெட் தராசு. 0.01 கிராம் வரை காட்டும், ஆனால் 200 கிராம்தான் தாங்கும். வலது ஓரம் காபிக்கென்றே செய்தது. 0.1 கிராம், இரண்டு கிலோ, கூடவே நேரம் காட்டும் கடிகாரம்.

சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க எடைக்கல் வாங்க வேண்டாம். சில்லறை டப்பாவைத் திறந்து, ரூபாய்ச் சின்னமும் 2011-லிருந்து 2018 வரை ஏதாவது ஓர் ஆண்டும் போட்ட மஞ்சள் ஐந்து ரூபாய் நாணயங்களை எடுங்கள், அதற்குப் பிறகு வந்த பெரிய நாணயம் எடை கூடியது, அது வேண்டாம். ஒன்று 6 கிராம். பத்து நாணயம் வைத்தால் 60 காட்ட வேண்டும். கொஞ்சம் தேய்ந்த நாணயமாக இருந்தால் ஒரு மயிரிழை குறையும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். இதோ வைக்கிறேன். இடது 60. நடுவில் 59.87. வலது 59.9. மூன்றுமே நல்ல தராசுதான். கடையில் வாங்குவதாக இருந்தால் இந்தப் பத்து நாணயத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். தட்டின் நடுவில் ஒரு தரம், நான்கு மூலையிலும் ஒவ்வொரு தரம் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை எண் மாறினால் அந்தத் தராசு வேண்டாம்.

இப்போது எல்லோரும் கேட்கும் விஷயம், ஒரு கிராமா, 0.1-ஆ? ஒரு கிராம் தராசு 28 என்று காட்டும்போது உள்ளே இருப்பது 27.5-லிருந்து 28.5 வரை எதுவாகவும் இருக்கலாம். அரை கிராம் பிசகு. இருபத்தெட்டில் அரை என்பது நூற்றுக்கு இரண்டு கூட வராது. என் நாக்குக்கு அது தெரியாது, அப்பாவுக்கும் தெரியவில்லை. ஆகவே நான்கைந்து பேருக்கு டிகாக்ஷன் இறக்கும் வீட்டில் பொடியை அளக்க ஒரு கிராம் தராசே போதும், காசை மிச்சம் பிடியுங்கள். ஆனால் மதியம் எனக்கு மட்டும் ஒரு டம்ளர் போடும்போது பொடி 9 கிராம்தான். அங்கே அரை கிராம் என்பது நூற்றுக்கு ஐந்தரை. அது நாக்கில் தெரிகிறது. தனியாக இருப்பவர்கள், ஒற்றை டம்ளர் போடுபவர்கள், 0.1 வாங்குங்கள்.

நடுவில் இருக்கும் நகைத் தராசு காபிக்கு ஆகாது. மின்விசிறியைப் போடுகிறேன், பாருங்கள், கடைசி எண் நிற்கவே மாட்டேன் என்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், என் ஃபில்டர் காலியாகவே 430 கிராம். 200 கிராம் தாங்கும் தட்டில் அதை வைத்தால் தராசு கெட்டுப்போகும். உள்ளே ஒரு சின்ன அலுமினியக் கட்டை இருக்கிறது. அதன்மேல் மெல்லிய உலோகத் தகடு ஒட்டியிருப்பார்கள். பாரம் ஏறினால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், தகட்டின் மின்தடை மாறும், அந்த மாற்றத்தைத்தான் எண்ணாகக் காட்டுகிறது. அளவுக்கு மீறி வளைந்த கட்டை பழைய நிலைக்கு வராது. எந்தத் தராசின் மேலும் டப்பாக்களை அடுக்கி வைக்காதீர்கள்.

அடுத்தது பெட்டியில் எழுதியே இருக்காது, எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் பிடிபட்டது. இடது பக்கத் தராசில் காலி டம்ளரை வைத்து, டேர் பொத்தானை அழுத்திப் பூஜ்ஜியமாக்குகிறேன். இப்போது ஸ்பூனால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, அவசரமே இல்லை. பாருங்கள், ஒரு ஸ்பூன் தண்ணீர் உள்ளே போய்விட்டது, எண் இன்னும் பூஜ்ஜியத்திலேயே நிற்கிறது! பழுது என்று நினைக்காதீர்கள். சூட்டாலும் ஈரத்தாலும் பூஜ்ஜியம் தானாக நகர்ந்துவிடாமல் இருக்க ஒரு ஏற்பாடு உள்ளே உண்டு. மிக மெதுவாக ஏறும் எடையையும் அது பிசகு என்று நினைத்து விழுங்கிவிடுகிறது. காய்கறி நிறுக்கும்போது இது தெரியவே தெரியாது. காபிக்குச் சொட்டுச் சொட்டாக ஊற்றும்போது காலை வாரிவிடும்.

ஏற்கெனவே இப்படி ஒரு தராசு வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். பூஜ்ஜியமாக்கிய பிறகு அதே ஐந்து ரூபாய் நாணயங்களில் ஒன்றைத் தட்டின் ஓரத்தில் வையுங்கள். எண் 6 காட்டும். பூஜ்ஜியத்தில் இல்லாததால் அது விழுங்குவதில்லை, என் தராசில் சொட்டு ஒவ்வொன்றும் சேர்ந்துகொண்டே வருகிறது. கடைசியில் 6-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குபவர்கள் மட்டும் இந்தச் சொட்டுச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள். வலது பக்கம் இருப்பது இரண்டாவது சொட்டிலேயே நகர்ந்துவிட்டது.

அப்புறம், தானாக அணைவது. இடது பக்கத் தராசு இரண்டு நிமிடம் சும்மா இருந்தால் தூங்கிவிடும். பொடியைப் போட்டு, அதை அமுக்கி வைக்கும் குடைத் தட்டை வைத்து, முதல் வெந்நீரை ஊற்றிவிட்டு, பால் பொங்குகிறதா என்று திரும்பிப் பார்ப்பதற்குள் திரை இருண்டுவிடும். மறுபடி பொத்தானை அழுத்தினால் மேலே இருப்பதையெல்லாம் சேர்த்துப் பூஜ்ஜியம் என்று ஆரம்பிக்கும். எவ்வளவு ஊற்றினோம் என்ற கணக்கு போச்சு. ஐந்து நிமிடமாவது விழித்திருக்கும் தராசாகப் பாருங்கள். ஹாரியோ என்ற ஜப்பான் நிறுவனத்தின் வி60 காபித் தராசு அந்த அளவு விழித்திருக்கும். ஆனால் 0.1 துல்லியம் அதில் 200 கிராம் வரைக்கும்தான், அதற்கு மேல் 0.5, ஐந்நூறு தாண்டினால் ஒவ்வொரு கிராமாகத்தான். அதனால் பெட்டியில் இருக்கும் எண்களை முழுதாகப் படித்துவிட்டு, பொடியை எப்போதும் லேசான கிண்ணத்தில் தனியாக நிறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை அளக்கும் கோப்பையில் அளந்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். பச்சைத் தண்ணீர் 170 மில்லி என்றால் 170 கிராம், சரி. கொதித்து இறக்கிய நீர் விரிந்திருக்கும், அதே 170 மில்லி சுமார் 163 கிராம்தான் வரும். அதனால்தான் ஃபில்டரையே தராசில் வைத்து ஊற்றுகிறேன். சூடு நேரே தட்டுக்குப் போகாமல் இருக்க மடித்த துணியை அடியில் வையுங்கள், அதை வைத்த பிறகு டேர் அழுத்துங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என்னுடைய முதல் தராசு எட்டு மாதத்தில் போய்விட்டது. உப்புக்காற்று அடிக்கும் ஜன்னல் பக்கம் வைத்திருந்தேன், பேட்டரி வில்லெல்லாம் பச்சை பூத்துவிட்டது. வெளியூர் போகும்போது பேட்டரியைக் கழற்றி, தராசை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். புளூடூத், செல்போன் செயலி எல்லாம் ஃபில்டர் காபிக்கு ஒரு உதவியும் செய்யாது, அதற்காக அதிகம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. பெரிய மார்க்கெட் பக்கம் அரைத்து வாங்கிய கால் கிலோப் பொடி வீட்டுத் தராசில் 247 காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கடைத் தராசு சட்டப்படி சரிபார்த்து முத்திரை போட்டது, நம்முடையதற்கு அது கிடையாது. பொடி வாங்கும்போது சிக்கரி எவ்வளவு என்று கேட்டு உறையில் எழுதி வையுங்கள். காபியும் சிக்கரியும் 80-20 என்பதிலிருந்து 60-40-க்கு மாறினால் 28 கிராம் அதே காபியைத் தராது.

சரி, பேசிக்கொண்டே இறக்கிவிட்டேன். கீழ்ப் பாத்திரத்தைக் கழற்றி நிறுக்கிறேன். காலியாக 180, இப்போது 293. ஆக 113 கிராம் டிகாக்ஷன். 170 ஊற்றியதில் மீதி 57-ஐப் பொடி குடித்துக்கொண்டது, தன் எடையைப் போல இரண்டு மடங்கு. என்றைக்காவது இது 90-க்கு வந்தால் பொடி ரொம்ப நைசாக அரைபட்டு இறங்காமல் நிற்கிறது என்று அர்த்தம்.

அப்பா எழுந்துவிட்டார், கதவுச் சத்தம் கேட்கிறது. பாலைச் சுட வைத்து அவருக்கு ஒரு டம்ளர் ஆற்றிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.