காந்தத்தைச் சுத்தினா காந்தப்புலமும் கூடச் சுத்துமா?

வணக்கம் மக்களே. முதல்ல டேபிள் மேல என்ன இருக்குன்னு காட்டிடறேன். இது பழைய ஸ்பீக்கர்லேருந்து கழட்டின ஃபெரைட் காந்தம், வளையமா இருக்கும், 10 சென்டிமீட்டர் விட்டம். இது பூஜைச் சாமான் கடையில யந்திரம் எழுதறதுக்குன்னு விக்கிற செப்புத் தகடு. காந்தத்தோட சைஸுக்கே வட்டமா வெட்டி, நடுவுல போல்ட் போட்டிருக்கேன். அப்புறம் ட்ரில் மெஷின், ஒரு மல்டிமீட்டர். இதுக்கு ஐநூறு ரூபா லேப் கூட வேணாம். ஆனா இந்தச் சாமானை வெச்சுத்தான் 1831லேருந்து இன்னிக்கு வரைக்கும் ஃபிசிக்ஸ் பிடிச்சவங்க சட்டையைப் பிடிச்சுக்கிட்டிருக்காங்க.

சரி, சுத்துவோம். காந்தத்தைப் பலகையில ஒட்டி வெச்சாச்சு, அசையாது. அதுக்கு மேல தகடு மட்டும் ட்ரில்லுல சுத்துது. மீட்டரோட ஒரு முனை போல்ட்ல, இன்னொரு முனை தகட்டு ஓரத்துல உரசிக்கிட்டு இருக்கு. 600 ஆர்பிஎம் வெச்சிருக்கேன். பாருங்க, 5க்கும் 6க்கும் நடுவுல ஆடுது, மில்லிவோல்ட். உரசறதால வர்ற குப்பை சிக்னலா இருக்குமோன்னு சந்தேகம் வரும், வரணும். ட்ரில்லை ரிவர்ஸ்ல போடறேன்... மைனஸ் வந்துடுச்சா? அப்போ நிஜ வோல்டேஜ்தான்.

ரெண்டாவது, தகட்டை நிறுத்திட்டு காந்தத்தை மட்டும் சுத்தறேன். ஜீரோ.

இங்கதான் பாதிப் பேருக்குத் தூக்கம் போகும். காந்தம் நின்னு தகடு சுத்தினாலும், தகடு நின்னு காந்தம் சுத்தினாலும் ஒண்ணுக்கொண்ணு சார்பா பாத்தா ஒரே சங்கதிதானே? ஒண்ணுல வருது, ஒண்ணுல வரலையே?

இருங்க, இன்னும் கொடுமை இருக்கு. இப்போ தகட்டையும் காந்தத்தையும் சேர்த்து ஒட்டி, ரெண்டையும் ஒண்ணாவே சுத்தறேன். நடுவுல ஒரு பேப்பர் மட்டும். தகட்டுக்கும் காந்தத்துக்கும் நடுவுல துளி நகர்வு இல்ல. மீட்டர்? அதே 5, 6 மில்லிவோல்ட்!

இதை நான் கண்டுபிடிக்கல. மைக்கேல் ஃபாரடே 1831 அக்டோபர்ல 12 அங்குலச் செப்புத் தட்டைப் பெரிய காந்தத்தோட துருவங்களுக்கு நடுவுல சுத்தி மின்சாரம் எடுத்தாரு. உலகத்தோட முதல் ஜெனரேட்டர்னு சொல்றது அதைத்தான். அடுத்த ஜனவரியில லண்டன் ராயல் சொசைட்டியில படிச்ச கட்டுரையில, உருளைக் காந்தத்தோட முனையில செப்புத் தட்டை ஒட்டி, நடுவுல காகிதம் வெச்சு, ரெண்டையும் சேர்த்துச் சுத்தினதையும் சொல்றாரு. நான் நடுவுல பேப்பர் வெச்சது அவரைப் பாத்துத்தான். அப்புறம் தட்டையே எடுத்துட்டு, காந்தத்தையே சுத்தி அதோட உடம்புலேருந்தே மின்சாரம் எடுத்தாரு. அந்த மனுஷன் சந்தேகத்தை மிச்சம் வைக்கிற ஆளே இல்ல.

அவர் முடிவு என்னன்னா, காந்தம் சுத்தினாலும் புலம் கூடச் சுத்தாது. அதுக்கப்புறம் வந்தவங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சாங்க. ஒரு கட்சி புலம் நிக்குதுங்கும், இன்னொண்ணு காந்தத்தோட ஒட்டிக்கிட்டு சுத்துதுங்கும். வேடிக்கை என்னன்னா, ரெண்டு கட்சியும் இந்த மூணு சோதனையையும் சரியாவே கணக்குப் போட்டுக் காட்டும். சுத்தற கட்சிக்காரங்க, கூடச் சுத்தற காந்தப்புலக் கோடுகள் மீட்டர் வயரை வெட்டுது, வோல்டேஜ் அங்கதான் வருதுன்னு சொல்லித் தப்பிச்சுடுவாங்க.

என் கருத்தைச் சொல்றேன். கேள்வியே கோணல். காந்தப்புலக் கோடுங்கறது நாம காகிதத்துல வரைஞ்சது. அட்சரேகையில கால் தடுக்கி விழுந்தவன் யாராவது இருக்கானா? புலம்னா ஒவ்வொரு இடத்துலயும் ஒரு அளவு, ஒரு திசை. அச்சைச் சுத்தி ஒரே சீரா இருக்கிற காந்தத்தை அதே அச்சுல சுத்தினா, எந்த இடத்துலயும் எதுவும் மாறல. மாறாததுக்கு மீட்டர் எதுக்கு ஆடணும்? ரெண்டாவது சோதனை முடிஞ்சுது.

முதல் சோதனையிலயும் மூணாவதுலயும் தகடு சுத்தும்போது உள்ள இருக்கிற எலக்ட்ரான்களும் அதோட சேர்ந்து புலத்துக்குள்ள ஓடுது. ஓடற மின்னூட்டத்துக்குக் காந்தப்புலம் பக்கவாட்டுல ஒரு தள்ளு கொடுக்கும், பிளஸ் டூவுல படிச்ச லாரன்ஸ் விசை. அது எலக்ட்ரானை அச்சுலேருந்து ஓரத்துக்கோ, ஓரத்துலேருந்து அச்சுக்கோ தள்ளுது. புலம், சுழற்சி வேகம், ஆரத்தோட வர்க்கம் மூணையும் பெருக்கி ரெண்டால வகுத்தா வோல்டேஜ். 0.1 டெஸ்லா, 600 ஆர்பிஎம், 5 சென்டிமீட்டர் போட்டா 8 மில்லிவோல்ட் கிட்ட வரும். நடுவுல ஓட்டை இருக்கிறதால நமக்குக் கொஞ்சம் கம்மி.

எல்லாரும் மறக்கிற மூணாவது ஆள் ஒருத்தர் இருக்காரு. மீட்டர் வயர்! தகடு, காந்தம் ரெண்டை மட்டும் பாத்துக்கிட்டு, மேசையில அசையாம கிடக்கிற வயரைக் கணக்குலயே சேர்க்கறதில்ல. இப்போ நாலாவது சோதனை. குட்டி மீட்டர், வயர், தகடு, காந்தம் எல்லாத்தையும் ஒரே தட்டுல கட்டி மெதுவா, 120 ஆர்பிஎம்ல சுத்தறேன். மேலேருந்து போன் ஸ்லோ மோஷன்ல எடுக்குது. இதே வேகத்துல மீட்டர் வெளிய இருந்தப்போ 1 மில்லிவோல்ட் காட்டிச்சு. இப்போ ஜீரோ. தகடும் வயரும் ஒண்ணுக்கொண்ணு நகர்ந்தாத்தான் மீட்டர் ஆடும்.

ஐன்ஸ்டைனோட 1905 சார்பியல் கட்டுரை ஆரம்பிக்கிறதே காந்தம் நகருதா கம்பி நகருதாங்கிற சங்கடத்துலதான். நடுவுல போறபோக்குல, இந்த மாதிரி யூனிபோலார் மெஷின்ல மின்னியக்கு விசை, அதாவது மின்சாரத்தைத் தள்ற வோல்டேஜ், எங்க குடியிருக்குங்கிற கேள்விக்கே அர்த்தம் இல்லன்னும் எழுதிட்டுப் போயிடறாரு. சண்டை மட்டும் நிக்கல.

நிக்காததுக்குக் காரணம் ஃப்ரீ எனர்ஜி ஆசை. காந்தமும் தகடும் சேர்ந்தே சுத்துதே, எதிர்விசை எங்க விழும், அப்போ இலவச மின்சாரம்தானேன்னு ஒரு வாதம். கர்நாடகாவுல கைகாவுல அணுமின் திட்ட இயக்குநரா இருந்த பரமஹம்ச திவாரியே, போட்டதைவிட அதிகம் தர்ற மெஷின்னு சொன்னவர்தான். படிச்சவர் சொன்னாருங்கறதால ஆற்றல் அழியாமை விதி வளைஞ்சு கொடுக்காது. கரண்ட் எடுத்த உடனே தகட்டுல பிரேக் விழும், எதிர்விசை அந்த அசையாத வயர் மேல போய் விழும். மறுபடியும் அந்த மூணாவது ஆள்தான்!

உபயோகமே இல்லையான்னா, இருக்கு. வோல்டேஜ் கம்மி, ஆனா ஆம்பியர் கொட்டும். ஆஸ்திரேலியாவுல கான்பெராவுல மார்க் ஒலிஃபென்ட்ங்கிற இயற்பியலாளர் இதே தத்துவத்துல கட்டின மெஷின் 500 மெகாஜூல் ஆற்றலைச் சேமிச்சு, 10 லட்சம் ஆம்பியருக்கு மேல ஒரே மூச்சுல விட்டுச்சு.

வீட்டுல செய்யணும்னா இதைச் செய்யுங்க. ஸ்க்ரூ தலையில சின்ன நியோடிமியம் காந்தம், ஸ்க்ரூ முனையை ஏஏ பேட்டரியோட அடியில தொங்கவிடுங்க, மேல்முனையிலேருந்து ஒரு வயரை காந்தத்து ஓரத்துல லேசா தொடுங்க. சும்மா பிச்சுக்கிட்டு சுத்தும். கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட் அது, அதனால ஒரு சில விநாடிதான், வயர் சுட்டா உடனே எடுத்துடுங்க. லித்தியம் செல்லை வெச்சு மட்டும் செய்யவே செய்யாதீங்க. ஸ்பீக்கர் காந்தத்தை ட்ரில்லுல போடறவங்க கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கோங்க, ஃபெரைட் சில்லு சில்லா தெறிக்கும்.