12 வருட அல்சர், 14 நாள் மருந்து

வணக்கம் மக்களே. என் கையில் இருக்கிற இந்த ரோஸ் கலர் மருந்து பாட்டில் எங்கள் வீட்டு அலமாரியில் 12 வருடம் இல்லாமல் இருந்ததே இல்லை. ஒன்று காலியாகும் முன்பே அடுத்தது வந்துவிடும். அப்பாவுக்கு அல்சர். லாரி ஓட்டியவர், நேரத்துக்குச் சாப்பிட மாட்டார். அதனால்தான் வயிறு புண்ணாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார், நாங்களும் நம்பினோம். அம்மா காரத்தை நிறுத்தினார். மணத்தக்காளிக் கீரை, தயிர் சாதம், காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. போட்டால் அடங்கும், விட்டால் பத்து நாளில் திரும்ப எரியும்.

போன வருடம்தான் எண்டோஸ்கோபி செய்தார்கள். இரைப்பையிலிருந்து கடுகளவு சதையைக் கிள்ளி ஒரு மஞ்சள் ஜெல்லில் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மஞ்சள், ரோஸாக மாறியது. வயிற்றில் எச். பைலோரி என்ற பாக்டீரியா இருக்கிறது என்று அர்த்தமாம்.

வீட்டுக்கு வந்து அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1979-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில், ராபின் வாரன் என்ற டாக்டர் இரைப்பைச் சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது வளைந்த பாக்டீரியாக்களைக் கவனித்தார். இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் தங்காது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. 1981-இல் பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்தார். லேபில் அதை வளர்க்கப் பார்த்தார்கள், வளரவில்லை. இரண்டு நாளில் ஒன்றும் தெரியாவிட்டால் தட்டைத் தூக்கிப் போடுவது அங்கே வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் எடுக்காமல் விட்ட தட்டில் கிருமி வளர்ந்திருந்தது. அதற்கு இரண்டு நாள் போதவில்லை, அவ்வளவுதான்.

100 நோயாளிகளைச் சோதித்ததில், முன்சிறுகுடலில் புண் இருந்த 13 பேருக்கும் அந்தக் கிருமி இருந்தது. புண் வந்த பிறகு கிருமி குடியேறியிருக்கலாமே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1984-இல் மார்ஷல் தனக்கு எண்டோஸ்கோபி செய்து, வயிறு நன்றாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, ஒரு நோயாளியிடம் எடுத்து வளர்த்த கிருமியைக் குடித்துவிட்டார். மனைவியிடம்கூட முன்னதாகச் சொல்லவில்லை. சில நாளில் வாந்தி, வாய் நாற்றம். திரும்ப எண்டோஸ்கோபி செய்தபோது இரைப்பைச் சுவரில் அழற்சி இருந்தது, கூடவே அதே கிருமியும் இருந்தது. புண் வரை போகவில்லை. ஆனாலும் நல்ல வயிற்றை இந்தக் கிருமி கெடுக்கும் என்று தெரிந்துவிட்டது.

2005-இல் இரண்டு பேருக்கும் நோபல் பரிசு. அப்பா முதல் மாத்திரை போட்டதே அதற்குப் பிறகுதான். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

சரி, அமிலத்தில் அது எப்படிப் பிழைக்கிறது? யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும். அது சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துவிடும். அந்த ஜெல் நிறம் மாறியதும் இதே அம்மோனியாவால்தான். அப்புறம் சளிப்படலத்துக்குள் புகுந்து வருடக்கணக்கில் இருந்துகொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்குப் புண், வெகு சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-இலேயே இதைப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

எல்லா அல்சருக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. மூட்டுவலிக்கு விடாமல் போடும் வலி மாத்திரையாலும் புண் வரும். அதனால் தயவுசெய்து நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். முதலில் டெஸ்ட். எண்டோஸ்கோபி எல்லோருக்கும் தேவைப்படாது. ஊதிப் பார்க்கும் டெஸ்ட் இருக்கிறது, மலத்திலும் பார்க்கலாம். டெஸ்டுக்கு முன் கேஸ் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் இருக்கிற கிருமியே தெரியாமல் போகலாம். மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ டெஸ்டெல்லாம் அப்புறம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அப்பாவுக்கு 14 நாள் மருந்து. வாயெல்லாம் கசப்பு, பேதி, பாதியில் விட்டுவிடுகிறேன் என்றார். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தேன். மருந்து முடிந்து ஆறு வாரம் கழித்து ஊதிப் பார்த்தார். கிருமி இல்லை.

இது பெரும்பாலும் சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதாம். அம்மாவுக்கும் மேல்வயிற்றில் எரிச்சல் இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லாமல் அப்பா மாத்திரையையே எடுத்துப் போட்டிருக்கிறார். வியாழக்கிழமை அவரை டெஸ்டுக்கு அழைத்துப் போகிறேன்.