டியூப் போடும் முன் சொல்லுங்கள்

சுங்கை சிப்புட் வட்டார நேயர்களுக்கு வணக்கம். சிறுநீரியல் வார்டில் பல ஆண்டுகள் தாதியாக வேலை செய்தவள் நான். ஆண்கள் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லத் தயங்குகிற ஒரு விஷயத்தைத்தான் இன்று பேசப்போகிறேன்.

புற்றுநோய்க்காக புரோஸ்டேட் சுரப்பியை எடுத்த பிறகு சிலருக்குச் சிறுநீர் அடங்காது. இருமினால் கசியும், மோட்டாரில் ஏறக் காலைத் தூக்கினால் கசியும். பெரும்பாலோருக்கு இடுப்புத் தசைப் பயிற்சி செய்யச் செய்ய, சில மாதங்களில் குறைந்துவிடும். ஏறக்குறைய ஓராண்டு ஆகியும் நிற்காவிட்டால் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்பார்கள்.

கசிவு கொஞ்சமாக இருந்தால், சிறுநீர்க் குழாய்க்கு அடியில் ஒரு வலைநாடாவை வைத்துத் தாங்கலாம். வைத்த புதிதில் சிலருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். சிறுநீரை வெளியேற்றும் டியூப்போடு சில நாள் இருக்க வேண்டிவரும். உட்காரும் இடத்தில் வலியும் இருக்கும். நாடா நிலைத்து நிற்க ஏறக்குறைய 6 வாரம் வேண்டும். அதுவரை செம்பனைக் குலை தூக்கக் கூடாது, குத்துக்காலிட்டு உதிரிப்பழம் பொறுக்கக் கூடாது. ஒரு வாரத்தில் வேலைக்குப் போய்விடுகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. நாடா நகர்ந்துவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

கசிவு அதிகமென்றால் செயற்கைச் சுருக்குக் கருவி. 1970களிலிருந்து இது புழக்கத்தில் இருக்கிறது. சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு பட்டை, வயிற்றுக்குள் ஒரு சிறு பலூன், விதைப்பைக்குள் ஒரு பம்ப். பம்ப்பை அழுத்தினால் பட்டை தளர்ந்து சிறுநீர் போகும். சில நிமிடத்தில் தானாகவே இறுகிவிடும். புண் ஆறட்டும் என்று முதல் 6 வாரம் போல அதை இயக்காமல் வைத்திருப்பார்கள். அந்த நாட்களில் கசிவு இருந்தால் பயப்பட வேண்டாம்.

இதை ஆயுளுக்கும் அப்படியே இருக்கும் பொருளாக எண்ணாதீர்கள். கருவிக்குள் நிரப்பியிருக்கும் நீர் கசிந்து அது பழுதாகலாம். பட்டைக்கு அடியில் குழாய் மெலிந்து பழைய கசிவு திரும்பலாம். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மறுபடியும் அறுவை தேவைப்பட்டிருக்கிறது. டாக்டரிடம் இதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிருமித் தொற்று இன்னொரு தொல்லை. இனிப்புநீர் உள்ளவர்கள் அறுவைக்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். விதைப்பை சிவந்து வலித்தாலும், பம்ப் தோலோடு ஒட்டிக்கொண்டது போலிருந்தாலும், காய்ச்சல் அடித்தாலும் வீட்டில் மஞ்சள் பூசிக்கொண்டு உட்காராதீர்கள். தொற்று உறுதியானால் பெரும்பாலும் கருவியையே எடுக்க வேண்டிவரும்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது வேறொன்று. இந்தக் கருவி வைத்தவர் நெஞ்சு வலியிலோ மோட்டார் விபத்திலோ அவசரப் பிரிவுக்குப் போகிறார். அங்கே வழக்கம்போல் சிறுநீர் டியூப் போடுகிறார்கள். பட்டை இறுகியிருக்கும்போது டியூப் நுழைந்தால் குழாயின் உள்சுவர் நசுங்கும். பட்டை அதை அரித்துக்கொண்டு உள்ளே வந்துவிடலாம். முன்பு கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். டியூப் போட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் பட்டையைத் தளர்த்தி, மறுபடி இறுகாதபடி கருவியைப் பூட்ட வேண்டும். மெல்லிய டியூப்பைப் போட்டு, சீக்கிரம் எடுத்துவிட வேண்டும்.

இதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் அவர் நினைவின்றிக் கிடக்கலாம். வீட்டில் யாருக்கும் தெரியாதென்றால் யார் சொல்வது? ஆகவே அண்ணன்மாரே, அப்பாமாரே, வெட்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு மனைவியிடமோ மூத்த பிள்ளையிடமோ சொல்லிவையுங்கள். ஒரு சிறு அட்டையில் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஐசிக்கு, அதாவது அடையாள அட்டைக்கு, பின்னால் பர்சில் வையுங்கள்.

சிறுநீரில் ரத்தம், எரிச்சல், திடீரென்று மறுபடியும் கசிவு: பட்டை அரித்ததற்கு இவை அறிகுறியாக இருக்கலாம். கிளினிக்கில் கருவியைப் பற்றிச் சொல்லி, ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ, உங்களுக்கு அறுவை செய்த நிபுணரிடமே அனுப்பக் கேளுங்கள். கருவியை எடுத்தாலும், குழாய் ஆற சில மாதம் விட்டு, பலருக்கு வேறு இடத்தில் புதிய பட்டை வைக்க முடிகிறது.