அந்த 5 மில்லிமீட்டர் யாருடையது?

எல்லோருக்கும் வணக்கம். பெரிய நிறுவனத்தில் இலாகாக்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் ரயில்வே காலனியில் வளர்ந்தவன், அப்பா சிக்னல் மெயின்டெய்னர், அதனால் ரயில்வேயிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சுமார் 12 லட்சம் பேர் வேலை பார்க்கும் இடம் அது.

ஸ்டேஷனுக்குள் நுழையும்போது வண்டி கடகடவென்று ஒரு பக்கமாக ஒதுங்குமே, அந்த இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர். அங்கே நுனி சீவின மாதிரி மெலிந்த ஒரு தண்டவாளம் இருக்கும், டங் ரயில் என்பார்கள். அது நகர்ந்து போய், பக்கத்தில் அசையாமல் கிடக்கிற ஸ்டாக் ரயிலோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டினால்தான் வண்டி போகலாம் என்று சிக்னல் விழும். சரியாகத்தான் ஒட்டுகிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. நுனியிலிருந்து 150 மில்லிமீட்டர் தள்ளி, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் துண்டை வைத்துவிட்டுப் பாயிண்ட் மோட்டாரை ஓட்டுவார்கள். அப்போது பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது. பூட்டிக்கொண்டால், நடுவில் இடைவெளி இருக்கும்போதே டிரைவருக்குச் சிக்னல் கிடைத்துவிடும் என்று அர்த்தம், அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது பாருங்கள். டங் ரயில், அதைத் தாங்குகிற குறுக்குக் கட்டையான ஸ்லீப்பர், ஜல்லி எல்லாம் பொறியியல் இலாகா, பெர்மனன்ட் வே, சுருக்கமாக பி.வே என்று சொல்வார்கள். அதை நகர்த்துகிற மோட்டாரும் ராடும் கேபிளும் சிக்னல் இலாகா. மேலே போகிற மின்கம்பி எலக்ட்ரிக்கல். வண்டியை விடச் சொல்வது டிராஃபிக். நடுவில் இருக்கிற அந்த 5 மில்லிமீட்டர் யாருடையது? சோதனைத் துண்டு இல்லாத சாதாரண நேரத்தில் பாயிண்ட் பூட்டவில்லை என்றால் மோட்டார் அட்ஜஸ்ட்மென்ட் விலகியிருக்கலாம், அல்லது ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி இறுகாமல் தண்டவாளமே அமுங்கியிருக்கலாம். தனித்தனியாகப் போய்ப் பார்க்கிற இரண்டு பேரும் "எங்க பக்கம் சரியா இருக்கு" என்று எழுதலாம், இரண்டு பேருமே மனசாட்சியோடுதான் எழுதியிருப்பார்கள்.

அந்த நேரத்தில் வண்டி ஸ்டேஷனுக்கு வெளியே அவுட்டரில் நிற்கிறது. எத்தனை நிமிஷம் நின்றது, எந்த இலாகாவால் நின்றது என்று வண்டிகளை நடத்துகிற கன்ட்ரோல் ஆபீஸில் கணக்கு எழுதியாக வேண்டும். அது தேவையான கணக்குதான். ஆனால் அந்த நிமிஷங்கள் ஒரு இலாகாவின் தலையில் மட்டும் விழும் என்றால், கோளாறு எங்கே என்று தேடுவதற்கு முன்னால் நம்முடையது இல்லை என்று காட்டத்தான் யாருக்கும் தோன்றும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நீங்களும் நானும் அதையேதான் செய்வோம்.

அப்பா என்ன செய்வார் தெரியுமா? அவர் மட்டும் போய்ப் பாயிண்ட்டில் கை வைக்க மாட்டார். எதிர் குவார்ட்டர்ஸில் பி.வே மேஸ்திரி இருந்தார், நாங்கள் பெரியப்பா என்று கூப்பிடுவோம். அவரைக் கூட்டிக்கொண்டு போவார். ஒரு மழைக்காலத்தில் சாப்பாட்டுத் தூக்கோடு நானும் போயிருந்தேன். இரண்டு பேரும் லைனை விட்டு நன்றாகத் தள்ளிக் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கூட்ஸ் வண்டி போகட்டும் என்று காத்திருந்தார்கள். வண்டி ஏறினதும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அந்த ஸ்லீப்பர் அமுங்கி அமுங்கி எழுந்தது, ஜல்லி இடுக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் சேறு பீச்சி அடித்தது. வண்டி போனதும் ஒன்றும் நடக்காத மாதிரி தண்டவாளம் நேராகிவிட்டது. அப்பா, "அண்ணே, பார்த்தீங்களா" என்றார். "பார்த்தேன்டா, நாளைக்குக் கேங் ஆளுங்களைக் கொண்டாந்து அடியில ஜல்லியை இறுக்கிப் பேக்கிங் போட்டுடறேன், அப்புறமா நீ மெஷினை வச்சுப் பாரு" என்றார் பெரியப்பா. அவ்வளவுதான் பேச்சு. ரெண்டு பேர் கண்ணும் ஒரே இடத்தில் இருந்ததால் வாக்குவாதத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பாயிண்ட்டை இரண்டு இலாகாவும் சேர்ந்து சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ரயில்வேயில் விதியே இருக்கிறது. அந்த விதியை எழுதியவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

இலாகாக்களைச் சேர்த்துவைக்க மேல்மட்டத்திலும் முயற்சி நடந்தது. 1994-இல் பிரகாஷ் டாண்டன் குழு, 2001-இல் ராகேஷ் மோகன் குழு, 2012-இல் சாம் பிட்ரோடா குழு, 2015-இல் பிபேக் தேப்ராய் குழு என்று வரிசையாகப் பேசியாயிற்று. 2019 டிசம்பர் 24 அன்று ரயில்வேயின் எட்டு அதிகாரிப் பணிகளை ஒரே பணியாக்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அப்புறம் 2024-இல், பொறியாளர்களைப் பழையபடி பொறியியல் பணித் தேர்வு வழியாகவும் எடுக்கலாம் என்று வந்துவிட்டது. அந்த முடிவைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் சிக்னல் தெரிந்தவர் சிக்னல்காரராகவும், தண்டவாளம் தெரிந்தவர் தண்டவாளக்காரராகவும்தான் இருக்க வேண்டியிருக்கிறது, வித்தை வேறு வேறு. பெயர்ப்பலகையை ஒன்றாக்கிவிட்டால் மட்டும் அந்த ஸ்லீப்பர் அமுங்குவது யார் கண்ணிலும் பட்டுவிடாது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பிளாக் விஷயம். லைனில் வேலை செய்ய வேண்டுமானால் சில மணி நேரம் வண்டியை நிறுத்தித் தர வேண்டும், அதுதான் பிளாக். தண்டவாளக்காரர் ஒரு நாள் கேட்பார், மின்கம்பிக்காரர் இன்னொரு நாள், சிக்னல்காரர் மூன்றாவது நாள். டிராஃபிக் எத்தனை தடவைதான் கொடுக்கும்? அதனால் ஒருவர் பிளாக் வாங்கினால் அதன் நிழலிலேயே மற்றவர்களும் வந்து தங்கள் வேலையை முடித்துக்கொள்கிற வழக்கம் வந்தது, ஷேடோ பிளாக் என்பார்கள். ஒற்றுமையாக இருங்கள் என்று யாரும் அங்கே பிரசங்கம் செய்யவில்லை. கிடைக்கிற நேரம் ஒன்றுதான், அதைப் பங்கு போட்டுக்கொண்டே தீர வேண்டும் என்று ஆனதும், முந்தின நாளே ஒருவரையொருவர் போனில் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் (பெயர் வேண்டாம்) ஒரு பெட்டிச் சரக்கு ஆறு நாள் வாசலிலேயே கிடந்தது. மூன்று பிரிவின் ரிப்போர்ட்டிலும் தாமதம் பூஜ்யம். தரப் பிரிவு ஸ்டிக்கர் ஒட்டின பிறகுதான் ஸ்டோர்ஸின் கணக்கு ஓடும், பர்ச்சேஸ் பேப்பர் வந்த பிறகுதான் தரப் பிரிவின் கணக்கு ஓடும், பேப்பரை அனுப்பியாயிற்று என்று பர்ச்சேஸ் தன் கணக்கை மூடிவிட்டது. பெட்டிக்கென்று ஒரு கணக்கு யாரிடமும் இல்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அந்தச் சரக்குக்காக உள்ளே ஒரு ஷிஃப்ட் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

ஆகவே உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். உங்கள் பிரிவும் பக்கத்துப் பிரிவும் தொட்டுக்கொள்ளும் ஒரு இடத்தை, ஒன்றே ஒன்றை, எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு கைமாறும் மேடையாக இருக்கலாம், கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஒரு ஃபைலாக இருக்கலாம். அதன் தாமதத்தை இரண்டு பிரிவின் பெயரிலும் முழுசாக எழுதுங்கள், பாதிப் பாதி வேண்டாம். அப்புறம் வாரத்தில் ஒரு நாள் இரண்டு பிரிவிலிருந்தும் ஒவ்வொருவர், மேலாளர் இல்லை, தினமும் அந்த வேலையைக் கையால் செய்கிறவர், அங்கே போய் வேலை நடக்கும்போதே பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பார்த்ததை ஒரே தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும். எந்த இடம், யார் யார் போகிறார்கள் என்பதை இன்று மதியச் சாப்பாட்டுக்குள் முடிவு செய்து, அதோ அந்தப் பலகையில் எழுதிவிடுங்கள். நான் சாயங்காலம் வரை இங்கேதான் இருப்பேன்.