சுகருக்கு இன்சுலின் போடுற பைலட் விமானம் ஓட்டலாமா?

35,000 அடி உயரம். காக்பிட்ல ஒரு பைலட் விரல் நுனியில குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்ல வைக்கிறார். பக்கத்து சீட்ல இருக்கிறவர் மீட்டரை எட்டிப் பார்த்து நம்பரைச் சரிபார்க்கிறார். நிஜமா நடக்கிறதுதாங்க இது!

வணக்கம் மக்களே. பைலட் லைசன்ஸ் இருந்தா மட்டும் போதாது, ஏர்லைன் பைலட்டுகளுக்கான உடல் தகுதிப் பரிசோதனையான கிளாஸ் 1 மெடிக்கல்லயும் தேறணும். பொதுவா வருஷம் ஒரு தடவை, 60 வயசு தாண்டினா 6 மாசத்துக்கு ஒரு தடவை. வலிப்பு, மாரடைப்பு, மனநலப் பிரச்சினை, ஏன், வலியே இல்லாத கிட்னி கல்கூட ஆளைத் தரையில உட்கார வச்சிடும். நடுவானத்துல கல்லு நகர்ந்தா அந்த வலியோட தரையிறக்க முடியுமா, சொல்லுங்க.

இதயம்னா 1972 ஜூன் 18. லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்ல கிளம்பின ட்ரைடன்ட் விமானம் ஸ்டெயின்ஸ் பக்கத்துல விழுந்து 118 பேர் இறந்தாங்க. விசாரணைல சொன்ன காரணங்கள்ல கேப்டனோட இதயக் கோளாறும் ஒண்ணு.

இப்ப சுகருக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பைலட்டுக்குச் சுகர் கூடுறதைவிட, திடீர்னு குறையுறதுதான் பெரிய பயம். வேர்க்கும், கை நடுங்கும், புத்தி தடுமாறும். மெட்ஃபார்மின் மாத்திரை தனியா எடுத்தா அப்படி இறங்குறது அபூர்வம். இன்சுலின்ல அந்த ஆபத்து உண்டு. அதனால ரொம்ப காலமா பல நாடுகள்ல இன்சுலின் ஆரம்பிச்சா வேலை அவ்ளோதான்.

2012ல பிரிட்டன் வழி திறந்தது. 2019 கடைசியில அமெரிக்காவும் ஏர்லைன் பைலட்டுகளுக்குத் திறந்தது.

[திரையில்: பச்சை, மஞ்சள், சிவப்பு]

பிரிட்டன் முறையைப் பாருங்க, அப்படியே டிராஃபிக் சிக்னல்! கிளம்புறதுக்கு முன்னாடி டெஸ்ட், பறக்கும்போது மணிக்கொரு தடவை, இறங்க அரை மணி நேரம் இருக்கும்போது இன்னொண்ணு. நம்ம வீட்டு மீட்டர் கணக்குல 90லேர்ந்து 270 வரைக்கும் பச்சை. 72க்குக் கீழ போனா சிவப்பு, உடனே கன்ட்ரோலைப் பக்கத்து பைலட்கிட்ட கொடுத்துடணும். வேலை நெருக்கடியில டெஸ்ட் பண்ண முடியலையா? மாவுச்சத்து ஏதாவது சாப்பிட்டுட்டு, அப்புறம் பண்ணணும்.

ஊசி போடுறார்ங்கிற ஒரே காரணத்துக்காக 20 வருஷ அனுபவத்தை வீட்டுக்கு அனுப்புறதைவிட இது எவ்வளவோ நியாயம்னு நான் நினைக்கிறேன்.

டைப் 1 சுகர், அதாவது இன்சுலின் போட்டே ஆகவேண்டிய சுகர் இருக்கிற பிள்ளை உங்க வீட்ல பைலட் கனவோட இருந்தா இதைக் காட்டுங்க. விதி நாட்டுக்கு நாடு மாறும், அதனால கோர்ஸுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி மெடிக்கலை முடிச்சிடுங்க. சரி, அந்த விமானத்துல நீங்க ஏறுவீங்களா? கமெண்ட்ல சொல்லுங்க. நான் ஏறுவேன்.